பராமரிப்புத் துறையும் நம் இளைஞர்களும்

(வெள்ளி விழாவின் இளைஞர் அரங்கில் அரசுப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர், பி.ஏ., பி.எட்., ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

வெள்ளி விழா என்பது மகிழ்ச்சிக்குரிய நாள். அதே வேளையில் கணக்குப் பார்க்க வேண்டிய நாளுமாகும். நம் பிள்ளைகள் எந்தெந்தத் துறைகளுக்குச் சென்றார்கள், எந்தத் துறையின் வாயிலை இன்னும் மிதிக்கவில்லை என்று பார்ப்பது அக்கணக்கில் ஒரு பகுதி. எனக்கு முன் பேசிய நண்பர்கள் காவல்துறை பற்றியும், ஆசிரியப் பணி பற்றியும், அரசுப் பணியாளர் தேர்வுகள் பற்றியும் அரிய கருத்துகளை எடுத்துரைத்தார்கள். அவையெல்லாம் வேண்டியவையே. ஆயினும் எவரும் பேசாத ஒரு துறையைப் பற்றிப் பேச நான் விரும்புகின்றேன். அதுதான் முதியோரையும், உடல் ஊனமுற்ற பெரியவர்களையும், மனநோயாளிகளையும், தீராப் பிணியால் படுக்கையில் கிடப்போரையும் பேணிக் காக்கும் பராமரிப்புத் துறை.

"இதற்கு ஒரு படிப்பா? இதற்கு ஓர் உரையா?" என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். வள்ளுவப் பெருந்தகை 'மருந்து' என்ற அதிகாரத்தை முடிக்கும்போது மருத்துவத்தை நான்காகப் பகுத்துக் காட்டுகின்றார். நோயுற்றவர் ஒன்று, நோயைத் தீர்க்கும் மருத்துவர் ஒன்று, மருந்து ஒன்று, நோயாளியின் அருகிலிருந்து கவனிப்பவர் ஒன்று. நான்கில் ஒரு பங்கை அவர் அருகிலிருப்பவருக்குத் தந்திருக்கின்றார். நாமோ அந்த நான்காம் பங்கை 'ஆயா வேலை' என்ற ஒரு சொல்லால் ஒதுக்கி விட்டோம்.

இப்பணிக்கு இன்று தேவை எத்தகையது என்பதைச் சில எண்களால் காண்போம். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி இந்தியாவில் அறுபது வயதைக் கடந்தோர் 10 கோடிக்கு மேற்பட்டவர். அவர்களில் ஏறத்தாழ 75 இலட்சம் பேர் தமிழ்நாட்டினர். 2021ஆம் ஆண்டில் தமிழக மக்கள்தொகையில் 13.6 விழுக்காட்டினர் முதியோர் என்றும், 2031இல் அது 18.2 விழுக்காடாக உயரும் என்றும் நடுவண் அரசின் அறிக்கை மதிப்பிட்டுள்ளது. அஃதாவது, இன்று பத்தாம் வகுப்பில் இருக்கும் மாணவன் வேலைக்குச் சென்று நிலைபெறும் காலத்தில், நம் மாநிலத்தில் ஏறக்குறைய ஐவரில் ஒருவர் முதியவராக இருப்பார். மறதி நோய் ஒன்றினால் மட்டும் நம் நாட்டில் 88 இலட்சம் முதியோர் துன்புறுவதாக 2023இல் வெளியான ஆய்வொன்று கணக்கிட்டது.

எண்களை விடுங்கள். நம் சங்கரன்கோவிலைச் சுற்றியுள்ள ஊர்களையே பாருங்கள். விசைத்தறியில் காலமெல்லாம் நின்று கால் வீங்கிப்போனவர் எத்தனை பேர்! களையெடுத்தும் நாற்று நட்டும் முதுகு வளைந்த பாட்டிமார் எத்தனை பேர்! தீப்பெட்டி ஆலையில் விரல் தேய்ந்தவர் எத்தனை பேர்! பிள்ளைகள் திருப்பூரிலும் கோவையிலும் சென்னையிலும் பிழைப்புத் தேடிச் சென்றுவிட, வீட்டில் இரு கிழவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருக்கின்றனர். பக்கவாதம் வந்து ஒருவர் விழுந்துவிட்டால் அவரைத் தூக்கிவிட ஆளில்லை. ஆகவே இத்துறை நகரத்துச் செல்வர் வீட்டுக்கு மட்டும் உரியது அன்று. நம் தெருவுக்கும் உரியது.

பராமரிப்பு என்பது இரக்கத்தால் செய்யும் தொண்டு மட்டுமன்று, முறையாகக் கற்றுச் செய்ய வேண்டிய தொழில் என்பதற்குச் சான்று தேடி நாம் வெளிநாடு செல்ல வேண்டுவதில்லை. நம் தென்காசி மாவட்டத்து ஆய்க்குடிக்குச் சென்றால் போதும். அவ்வூரில் பிறந்த திரு. எஸ். இராமகிருஷ்ணன் அவர்கள் பொறியியல் மாணவராக இருந்தபோது, 1975இல் கடற்படை அதிகாரிக்கான தேர்வில் நேர்ந்த விபத்தில் கழுத்தெலும்பு முறிந்து, கழுத்துக்குக் கீழே உணர்விழந்தார். படுக்கையும் சக்கர நாற்காலியுமே வாழ்க்கை என்றாகிவிட்ட அந்த இளைஞர், 1981இல் தம் சொந்த ஊரில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். தமக்குச் சிகிச்சையளித்து ஊக்கமூட்டிய மருத்துவர் அமர்ஜித் சிங் சாகல் அவர்களின் பெயரையே அதற்குச் சூட்டினார். தசைச் சிதைவு நோயால் சக்கர நாற்காலியில் இயங்கும் கணக்காய்வாளர் திரு. எஸ். சங்கரராமன் அவர்கள் பின்னர் அவரோடு இணைந்தார். இன்று அது சிறப்புப் பள்ளி, இயன்முறைச் சிகிச்சை, முதுகுத் தண்டுவடம் பாதிக்கப்பட்டோருக்கான மறுவாழ்வு, வீடு தேடிச் சென்று அளிக்கும் பயிற்சி எனப் பல கிளைகளாய் விரிந்து நிற்கின்றது. 2020இல் இராமகிருஷ்ணன் அவர்களுக்கு நடுவண் அரசு பத்மஸ்ரீ விருது அறிவித்தது.

இங்கே நான் உங்களை எண்ணிப் பார்க்கச் சொல்வது ஒன்றுண்டு. கழுத்துக்குக் கீழ் அசைவற்ற ஒருவர் பல்லாண்டுகள் உழைத்து ஒரு பெரும் நிறுவனத்தை நடத்த வேண்டுமானால், நாள்தோறும் அவரைப் புரட்டிப் படுக்க வைத்து, குளிப்பாட்டி, உடுத்தி, நாற்காலியில் அமர்த்தும் கைகள் எத்தனை திறமுடையனவாய் இருந்திருக்க வேண்டும்! மேடையில் விருது பெறுபவரைக் காண்கின்றோம். அவரை மேடைவரை கொண்டு வந்து சேர்க்கும் கைகளைக் காண்பதில்லை. அந்தக் கைகளின் தொழிலைப் பற்றித்தான் நான் பேசுகின்றேன். மாணவர்களை ஆய்க்குடிக்கு அழைத்துச் செல்வது ஒரே நாளில் போய்த் திரும்பக்கூடிய பயணம்.

இனி நம் பெரியவர்கள் கேட்கும் கேள்விக்கு வருகின்றேன். இதை மறைத்துப் பேசினால் என் உரை நேர்மையற்றதாகும். "தலைமுறை தலைமுறையாக ஊரார் கழிவை நம் தலையில் சுமத்தினார்கள். அதிலிருந்து மீளத்தானே பிள்ளைகளைப் படிக்க வைத்தோம்? படித்த பிறகும் பிறர் மலத்தைத் துடைக்கச் சொல்கின்றீரே!" என்று அவர்கள் கேட்கின்றார்கள். இக்கேள்வியில் வலியிருக்கின்றது, நியாயமும் இருக்கின்றது. இதைப் புறந்தள்ளுவோர் நம் வரலாற்றை அறியாதோர்.

எனினும் இரண்டுக்கும் இடையே உள்ள வேற்றுமையைத் தெளிவாகக் காண வேண்டும். அன்று பிறப்பால் ஒரு வேலை திணிக்கப்பட்டது. மறுக்கும் உரிமை இல்லை, பயிற்சி இல்லை, முன்னேற்றம் இல்லை. பராமரிப்புப் பணி அவ்வாறன்று என்று நாம் சொல்ல வேண்டுமானால், நான்கு நிபந்தனைகள் நிறைவேற வேண்டும். நாமே விரும்பித் தேர்ந்தெடுத்ததாக இருக்க வேண்டும். சான்றிதழோடு கூடிய பயிற்சி இருக்க வேண்டும். எழுத்து வடிவிலான பணி ஆணையும் ஊதியமும் ஓய்வு நேரமும் இருக்க வேண்டும். அடுத்த படிக்கு ஏறும் வழி இருக்க வேண்டும். இந்த நான்கில் ஒன்று குறைந்தாலும் அது பழைய அடிமைத்தனத்தின் புதிய உடுப்பே என்று நான் துணிந்து கூறுவேன். நம் பிள்ளைகளை மருத்துவமனைகளின் துப்புரவுப் பிரிவோடு நிறுத்திவிட்டு, செவிலியர் அறைக்கு வேறு யாரோ செல்வதை நாம் ஏற்கக் கூடாது.

என்னிடம் பயின்ற மாணவி ஒருத்தி, பயிற்சியின்றி ஒரு பெருநகரத்து ஏஜென்சி மூலம் முதிய அம்மையார் ஒருவரைக் கவனிக்கச் சென்றாள். பணி ஆணை இல்லை. இரவும் பகலும் வேலை. அவள் சாதி தெரிந்த நாள் முதல் தனித்தட்டு, தனித் தம்ளர். அம்மையாரைத் தூக்கிக் குளிப்பாட்ட அவள் கை வேண்டும். அவள் கை பட்ட தம்ளர் வேண்டாம்! ஐந்தாம் மாதத்தில் இரண்டு மாதச் சம்பளம் பாக்கியோடு திரும்பினாள். அவள் பின்னர் மூன்றாண்டுச் செவிலியர் பட்டயம் பயின்று, இன்று மருத்துவமனை ஒன்றில் பதிவு பெற்ற செவிலியாகப் பணிபுரிகின்றாள். அதே கைகள்தாம். சான்றிதழும் ஆணையும் சட்டமும் அக்கைகளுக்குத் துணை நின்றன என்பதே மாற்றம்.

சட்டம் நமக்குத் துணையாக உள்ளது என்பதை அறிந்து வைத்துக்கொள்ளுங்கள். அரசமைப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1955ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டமும், 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் அதற்குப் பின்பலம். பணியிடத்தில் பெண்களுக்கு நேரும் பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம், பிறர் வீட்டில் வேலை செய்யும் பெண்ணையும் காக்கின்றது. அவள் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் முறையிடலாம்.

நம் முன்னோடிகள் இப்பணியை எவ்வாறு கருதினார்கள்? மராட்டிய மண்ணில் பெண் கல்விக்கு வித்திட்ட சாவித்திரிபாய் பூலே அவர்கள், 1897இல் புனே நகரைப் பிளேக் நோய் வாட்டியபோது, மருத்துவரான தம் வளர்ப்பு மகனோடு சேர்ந்து நோயாளிகளுக்குச் சிகிச்சை நிலையம் நடத்தினார். எவரும் தொட அஞ்சிய நோயாளிகளை, தாழ்த்தப்பட்ட குடும்பத்துச் சிறுவன் உட்பட, தாமே சுமந்து வந்தார். அந்நோயே தொற்றி அவ்வாண்டு மார்ச் 10ஆம் நாள் மறைந்தார். கல்வி கொடுத்த அதே கை நோயாளியையும் தாங்கியது. இரண்டையும் அவர் வேறு வேறாகக் காணவில்லை.

பயிற்சியின்றி இப்பணி நடந்தால் என்ன நேரும் என்பதற்கும் நம் தமிழ்நாட்டிலேயே ஒரு துயரச் சான்று உண்டு. இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் அதிகாலையில் மனநோயாளிகள் தங்கியிருந்த கொட்டகை ஒன்றில் தீப்பிடித்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தமையால் தப்ப வழியின்றி 28 பேர் மாண்டனர். நோயாளியைக் கட்டிவைப்பதே கவனிப்பு என்று எண்ணிய அறியாமைக்கு நாடு கொடுத்த விலை அது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியால் பிணைப்பதை முற்றாகத் தடை செய்தது. மனநோயாளிக்கும் மானமும் உரிமையும் உண்டென்று அறிந்த பணியாளர் அங்கு இருந்திருந்தால் அக்கொடுமை நிகழ்ந்திருக்குமா?

அவ்வாறாயின் இத்துறையில் கற்க வேண்டியவை எவை? சிலவற்றை மட்டும் கூறுகின்றேன். படுக்கையில் கிடப்பவரை ஏறத்தாழ இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். தவறினால் இடுப்பிலும் குதிகாலிலும் படுக்கைப் புண் வரும். அப்புண் சீழ்பிடித்து உயிரையும் கொண்டு போகும். பக்கவாதம் வந்தவரைத் தூக்கும்போது செயலிழந்த கையைப் பிடித்து இழுக்கலாகாது, தோள்மூட்டு விலகிவிடும். விழுங்கச் சிரமப்படுபவரை நிமிர்த்தி உட்கார வைத்துச் சிறு சிறு கவளமாக ஊட்ட வேண்டும். படுக்க வைத்து ஊட்டினால் உணவு மூச்சுக்குழலில் இறங்கும். நீரிழிவு நோயாளியின் பாதத்தை நாள்தோறும் பார்க்க வேண்டும். மறதி நோயாளியோடு வாதிடக் கூடாது; இறந்துபோன கணவர் எங்கே என்று பத்தாம் முறை கேட்டாலும் பொறுமையோடு பேச்சைத் திருப்ப வேண்டும். தூக்கும்போது இடுப்பை வளைக்காமல் முழங்காலை மடித்துத் தூக்க வேண்டும். இல்லையேல் நாற்பது வயதில் நீங்களே நோயாளி ஆவீர்கள்.

இவற்றைவிட முக்கியமானவை சில ஒழுக்கங்கள். கொடுத்த மருந்து, அளந்த காய்ச்சல், கழித்த சிறுநீர் ஆகியவற்றை நேரத்தோடு குறிப்பேட்டில் எழுத வேண்டும். தெளிவாக எழுதத் தெரிந்த பணியாளருக்கு மதிப்பு இருமடங்கு. மருத்துவர் சொல்லாத மருந்தைக் கொடுக்கலாகாது. ஒரு வீட்டுச் செய்தியை மறு வீட்டில் சொல்லலாகாது. முதியவரின் பணம், நகை, பத்திரம், கைரேகை ஆகியவற்றுக்கு அருகில் செல்லலாகாது. குளிப்பாட்டும்போது கதவைச் சாத்தி, "அம்மா, இப்போது தண்ணீர் ஊற்றலாமா?" என்று கேட்டுச் செய்ய வேண்டும். மானத்தின் அருமையை மானம் மறுக்கப்பட்டவர்களைவிட நன்கு அறிந்தவர் யார்? ஆதலால் இந்த ஒழுக்கத்தில் நம் பிள்ளைகள் முதல்வரிசையில் நிற்க முடியும் என்று நான் நம்புகின்றேன்.

இனிப் படிப்புகளைப் பார்ப்போம். இத்துறை ஓர் ஏணி. அடிப்படியில், மருத்துவமனையிலும் வீடுகளிலும் நோயாளிக்கு உதவும் 'ஜெனரல் டியூட்டி அசிஸ்டென்ட்', 'ஹோம் ஹெல்த் எய்ட்' போன்ற சில மாதத் திறன் பயிற்சிகள் உள்ளன. அடுத்த படியில் இரண்டாண்டுத் துணைச் செவிலியர் படிப்பும், மூன்றாண்டுச் செவிலியர் பட்டயப் படிப்பும். அதற்கு மேல் நான்காண்டு பி.எஸ்சி. நர்சிங். பட்டயம் பெற்றவர் பணியில் சேர்ந்த பின்னும் இரண்டாண்டு மேற்படிப்பால் பட்டதாரி ஆகலாம். இயன்முறை மருத்துவம், தொழில்வழிச் சிகிச்சை, பேச்சுப் பயிற்சி ஆகியவை தனிப் பட்டங்கள். கலைப்பிரிவு மாணவர் மனம் தளர வேண்டாம். சமூகப்பணியில் பட்டமும் முதுகலையும் உண்டு. 1952இல் தொடங்கப்பெற்ற சென்னை சமூகப்பணிக் கல்லூரி இதில் நம் மாநிலத்தின் மூத்த நிறுவனங்களுள் ஒன்று.

பட்டப் படிப்புச் செவிலியராக விரும்புவோர் பதினோராம் வகுப்பிலேயே உயிரியலோடு கூடிய பிரிவைத் தேர்ந்துகொள்ள வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பு முடிந்தபின் வருந்திப் பயனில்லை. பணம் கட்டுமுன், செவிலியர் படிப்பாயின் தமிழ்நாடு செவிலியர் மன்றத்தின் ஏற்பும், சிறப்புக் கல்வி, மறுவாழ்வுப் படிப்புகளாயின் இந்திய மறுவாழ்வு மன்றத்தின் ஏற்பும் உள்ளதா என்று பார்க்க வேண்டும். தெருவுக்கொரு பலகை மாட்டி "ஆறே மாதத்தில் நர்ஸ் ஆகலாம்" என்று அழைப்போரிடம் ஏமாறாதீர்கள். ஆறு மாதத்தில் எவரும் செவிலியர் ஆவதில்லை.

செலவுக்கு என் செய்வது? 1944இல் தொடங்கப்பெற்ற ஆதிதிராவிட மாணவர்க்கான உயர்கல்வி உதவித்தொகை இன்றும் நம் முதல் துணை. வருமானச் சான்று, சாதிச் சான்று, வங்கிக் கணக்கு, ஆதார் ஆகியவற்றில் பெயர் எழுத்துப் பிசகாமல் ஒன்றுபோல் இருக்கச் செய்யுங்கள். ஓரெழுத்து மாறியதால் உதவித்தொகை நின்றுபோன பிள்ளைகளை ஆண்டுதோறும் காண்கின்றேன். அரசுப் பள்ளி மாணவியருக்காக 2022இலும் மாணவருக்காக 2024இலும் மாதம் ஆயிரம் ரூபாய் வழங்கும் திட்டங்கள் தொடங்கப்பெற்றன. 1974இல் நிறுவப்பெற்ற தாட்கோ நிறுவனத்தின் திறன் பயிற்சிகளையும் விசாரித்து அறியுங்கள். அவ்வப்போது விதிகள் மாறும். மாவட்ட அலுவலகத்தில் நேரில் கேட்பதே நலம்.

வேலை எங்கே கிடைக்கும்? மருத்துவமனைகள், முதியோர் இல்லங்கள், மறுவாழ்வு நிலையங்கள், வீட்டுப் பராமரிப்பு நிறுவனங்கள் ஆகியவற்றோடு அரசின் திட்டங்களும் உள்ளன. 2021 ஆகஸ்ட் 5ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கப்பெற்ற 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம், படுக்கையில் கிடப்போரின் வீட்டுக்கே நோய்த்தணிப்புச் சிகிச்சையையும் இயன்முறைச் சிகிச்சையையும் கொண்டு சென்றது. சென்னை கிண்டியில் முதியோருக்கெனத் தேசிய மருத்துவ நிலையம் 2024இல் திறக்கப்பெற்றது. கேரளத்தில் 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய நோய்த்தணிப்பு இயக்கம், ஊர்தோறும் தொண்டர்களைப் பயிற்றுவித்து வளர்ந்தது. 2008இல் அம்மாநில அரசு அதனைக் கொள்கையாகவே ஏற்றது. அண்டை மாநிலம் செய்ததை நாமும் நம் தெருக்களில் செய்யலாம்.

வெளிநாட்டு ஆசை பற்றியும் ஒரு சொல். சப்பானும் செருமனியும் முதியோர் பெருகிய நாடுகள். அங்கு இப்பணிக்கு ஆள் வேண்டும் என்பது உண்மை. ஆனால் வாயில் மொழிதான். சப்பானுக்குப் பராமரிப்புப் பணியாளராகச் செல்ல சப்பானிய மொழித் தேர்வும் பணித்திறன் தேர்வும் தேற வேண்டும். செருமனியில் செவிலியர்க்கு அந்நாட்டு மொழியில் நல்ல தேர்ச்சி வேண்டும். பிரிட்டனோ 2022இல் பராமரிப்புப் பணியாளருக்குக் கதவைத் திறந்தது. 2025 ஜூலை 22 முதல் வெளிநாட்டிலிருந்து புதிதாக வருவோருக்கு அக்கதவை மூடிவிட்டது. இடைப்பட்ட காலத்தில் ஏஜென்டுகளிடம் இலட்சக்கணக்கில் கொடுத்துச் சென்று, அங்கே வேலையின்றித் தவித்தவர் பலர். வேலை தருவதாக உரிமம் பெற்ற நூற்றுக்கணக்கான நிறுவனங்களின் உரிமத்தை அந்நாட்டரசே பறித்தது. ஆகவே வீட்டை அடகு வைத்து எவரிடமும் பணம் கொடுக்காதீர்கள். ஏஜென்ட் நடுவண் அரசில் பதிவு பெற்றவரா என்று பாருங்கள். தமிழக அரசின் அயல்நாட்டு மனிதவள நிறுவனம் 1978 முதல் இயங்குகின்றது. முதலில் அங்கே விசாரியுங்கள்.

இறுதியாக நம் சங்கத்தின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கின்றேன். முதலாவது, ஆண்டுதோறும் பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்தவுடன் மாணவர்களை ஒரு மருத்துவமனைக்கும் ஒரு மறுவாழ்வு நிலையத்துக்கும் அழைத்துச் சென்று காட்டுவோம். கண்டறியாத துறையை எவரும் விரும்பார். இரண்டாவது, பதிவு பெற்ற செவிலியர் ஒருவரைக் கொண்டு ஞாயிறுதோறும் சங்கக் கட்டடத்தில் முதலுதவியும் படுக்கை நோயாளிக் கவனிப்பும் கற்பிப்போம். மூன்றாவது, அப்பயிற்சி பெற்ற இளைஞர்கள் முதலில் நம் தெருவின் முதியோர் வீடுகளுக்குச் செல்லட்டும். முதியோர் உதவித்தொகை கிடைக்காதவர் யார், மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இல்லாதவர் யார், படுக்கைப் புண்ணோடு கிடப்பவர் யார் என்று ஒரு பேரேடு எழுதட்டும். பெற்றோரையும் முதியோரையும் பேணாத பிள்ளைகளிடமிருந்து பராமரிப்புத் தொகை பெற 2007ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்கின்றது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கின்றது. இவற்றை விண்ணப்பமாக எழுதித் தரக்கூடிய ஒரு பிள்ளை தெருவுக்கு ஒருவர் இருந்தால், அதுவே இச்சங்கத்தின் இருபத்தைந்து ஆண்டுக் கல்விப் பணிக்குச் சரியான பயன்.

மாணவச் செல்வங்களே! இத்துறைக்கு நீங்கள் எல்லோரும் வர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மருத்துவராகுங்கள், நீதிபதியாகுங்கள், மாவட்ட ஆட்சியராகுங்கள். ஆனால் இத்துறைக்கு வருவோர், வேறு வழியின்றித் தள்ளப்பட்டவராக வராதீர்கள்; கற்றவராக, சான்றிதழ் பெற்றவராக, தம் உரிமை அறிந்தவராக வாருங்கள். உங்களைத் தொடக் கூடாதென்று சொன்ன சமுதாயத்தில், உங்கள் கை பட்டால்தான் எழுந்து உட்கார முடியும் என்ற நிலையில் பலர் இருக்கின்றனர். அவர்களைப் பழிவாங்கும் எண்ணமும் வேண்டாம். அவர்களுக்குப் பணிந்து குனியும் எண்ணமும் வேண்டாம். நிமிர்ந்து நின்று, தொழில் தெரிந்த கையால் தாங்குங்கள். உழைப்புக்குரிய ஊதியத்தையும் மதிப்பையும் அதே கையால் கேட்டுப் பெறுங்கள்.

 நம் கல்விச் சங்கம் பொன்விழாவும் காண்க என வாழ்த்தி அமைகின்றேன்.